கண்ணுல தண்ணி கொட்டுது... ஆனா ‘கண் வறட்சி’ன்னு சொல்றாங்களே! தைராய்டு கண்ணை என்ன செய்கிறது?

ஆடி மாசம் சின்னமனூர்லேருந்து கம்பம் போற பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தால், அதை அதிர்ஷ்டம் என்று சொல்ல முடியாது. கேரள மலையைத் தாண்டி இறங்கும் காற்று முகத்தில் அறையும். பாதி பேர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருப்பார்கள். மீதிப் பேர் கண்ணைக் கசக்கிக்கொண்டிருப்பார்கள். அதனால், உத்தமபாளையத்தில் இருக்கும் என் சித்தி கண்ணைக் கசக்கியபோது வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“காத்தடி காலம், எல்லாருக்கும்தான் உறுத்துது” என்று சித்தப்பா சொன்னார். மருந்துக் கடையில் ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். விட்டதும் சிவப்பு போய்விட்டது; நாலு நாளில் திரும்ப வந்தது. இன்னொரு பாட்டில். இப்படியே ஐந்து மாதம் ஓடியது. காலையில் எழுந்தால் கண்ணுக்குள் மணல் கொட்டினது மாதிரி இருக்கும், வெளியே போனால் தண்ணீர் தாரையாக வழியும். சித்திக்குத் தைராய்டு அதிகமாகச் சுரக்கும் பிரச்னை இருக்கிறது, இரண்டு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார். ஆனால் அதையும் இதையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. கழுத்தில் இருக்கிற சுரப்பிக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்?

கடைசியில் கண் பரிசோதனைக்குப் போனபோது, அங்கிருந்த பெண் கேட்ட கேள்விதான் திருப்பம். “தூங்கும்போது கண்ணு முழுசா மூடுமாம்மா?”

சித்திக்கு எப்படித் தெரியும்? பக்கத்தில் நின்ற சித்தப்பா சிரித்துக்கொண்டே சொன்னார்: “இவ ஒரு வருஷமா கண்ணைத் தொறந்துக்கிட்டேதான் தூங்குறா. பயமா இருக்கும்.” வீட்டில் அது ஒரு ஜோக்காகவே இருந்திருக்கிறது.

தண்ணீர் வழிந்தால் எப்படி வறட்சி?

முதலில் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஏனென்றால் கண் வறட்சி உள்ள பலரும், ‘எனக்குத்தான் தண்ணி கொட்டுதே’ என்று சொல்லிக்கொண்டே மருத்துவரிடம் போகாமல் இருக்கிறார்கள்.

கண்ணின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய கண்ணீர்ப் படலம் இருக்கிறது. அது வெறும் தண்ணீர் இல்லை. கருவிழியை ஒட்டி வழவழப்பான சளிப்பொருள், அதோடு கலந்து நீர், எல்லாவற்றுக்கும் மேலே எண்ணெய். இந்த எண்ணெயைச் சுரப்பது இமை ஓரத்தில் வரிசையாக இருக்கும் மெய்போமியன் சுரப்பிகள். மேல் இமையில் மட்டும் 25-லிருந்து 40 வரை இருக்கும். கடாயில் கொதிக்கிற தண்ணீர் மேல் எண்ணெய் மிதக்குமே, அந்த மாதிரி ஒரு படலம்தான். கண்ணீர் சட்டென்று ஆவியாகிவிடாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. ஒவ்வொரு முறை கண் சிமிட்டும்போதும் இமை இந்தப் படலத்தைப் புதிதாகப் பூசிவிடுகிறது. சாதாரணமாக நிமிடத்துக்குச் சுமார் 15 முறை சிமிட்டுகிறோம். போனைப் பார்க்கும்போது அது பாதியாகவும் அதற்குக் கீழேயும் குறையும். (இதைப் படிக்கும்போதும்தான். ஒரு தடவை சிமிட்டிக்கோங்க.)

இந்தப் படலம் சீக்கிரம் உடைந்து போனால், கருவிழியில் இருக்கும் நரம்புகள் எரிச்சல் அடைந்து மூளைக்குத் தகவல் அனுப்பும். மூளை உடனே பெரிய கண்ணீர்ச் சுரப்பியைத் திறந்துவிடும். வெங்காயம் நறுக்கும்போது வருகிற அதே அவசரக் கண்ணீர். அது வந்த வேகத்திலேயே கன்னத்தில் வழிந்து போய்விடும். கண்ணில் தங்குவதற்குத் தேவையான எண்ணெய் அதில் போதுமான அளவு கிடையாது. அதனால் தண்ணீர் வழிகிறது, கண்ணும் காய்கிறது.

சரி, தைராய்டு எங்கிருந்து உள்ளே வருகிறது?

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்கணும். ‘எனக்குத் தைராய்டு இருக்கு’ என்று நம் ஊரில் பொதுவாகச் சொல்வது இரண்டு எதிரெதிர் நோய்களுக்கு. ஹார்மோன் குறைவாகச் சுரப்பது ஒன்று. உடம்பு போடும், சோர்வு, மலச்சிக்கல். இதுதான் அதிகம் பேருக்கு இருப்பது. ஹார்மோன் அதிகமாகச் சுரப்பது இன்னொன்று. எடை குறையும், நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வியர்க்கும்.

அதிகமாகச் சுரப்பதற்கு முக்கியமான காரணம் கிரேவ்ஸ் நோய். அயர்லாந்து மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ் 1835-ல் இதை விவரித்தார். ஐந்து வருடம் கழித்து, 1840-ல், ஜெர்மனியின் கார்ல் வான் பேஸ்டோ மூன்று அடையாளங்களை ஒன்றாகச் சேர்த்து எழுதினார்: கழுத்து வீக்கம், இதயப் படபடப்பு, பிதுங்கிய கண். அதாவது, ஹார்மோன் என்ற சொல்லே புழக்கத்துக்கு வராத காலத்திலேயே கழுத்தையும் கண்ணையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். நாம்தான் இன்னும் தனித்தனி டாக்டர்களிடம் தனித்தனி ஃபைலோடு அலைகிறோம்.

கிரேவ்ஸ் நோயில் உடலின் எதிர்ப்பு சக்தி வழிதவறிப் போகிறது. தைராய்டு செல்களின் மேல் டிஎஸ்ஹெச் ஹார்மோன் வந்து உட்காரும் ஒரு பூட்டு இருக்கிறது. நோயெதிர்ப்பு மண்டலம் அந்தப் பூட்டுக்குக் கள்ளச்சாவி மாதிரி ஓர் எதிர்ப்பொருளைச் செய்துவிடுகிறது. சாவி போட்டதும் சுரப்பி நிற்காமல் ஓடுகிறது. சிக்கல் என்னவென்றால், அதே பூட்டு கண்ணுக்குப் பின்னால் இருக்கும் கொழுப்பிலும் தசையைச் சுற்றிய திசுக்களிலும் இருக்கிறது. அங்கேயும் கள்ளச்சாவி வேலை செய்கிறது. திசுக்கள் வீங்குகின்றன.

கண் உட்கார்ந்திருப்பது எலும்பாலான ஒரு குழிக்குள். பின்னாலும் பக்கத்திலும் விரிய இடமில்லை. ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகும் ஜீப்பை நினைத்துப் பாருங்கள். ஏற்கெனவே நிரம்பியிருக்கும் வண்டியில் இன்னும் நாலு பேர் ஏறினால், வாசலோரம் இருப்பவர் பாதி உடம்பு வெளியேதான் இருக்கணும். கண்ணும் அப்படித்தான் முன்னால் தள்ளப்படுகிறது. கூடவே மேல் இமையைத் தூக்கும் தசை இறுகி, இமை மேலே ஏறிக்கொள்கிறது. கருவிழிக்கு மேலே வெள்ளை தெரியும். எப்போதும் அதிர்ச்சியில் முழிப்பது போன்ற பார்வை. “ஏன்டி முறைக்கிற?” என்று சித்தியை அவருடைய நாத்தனார் கேட்டதெல்லாம் இதனால்தான்.

கிரேவ்ஸ் நோய் வந்த எல்லோருக்கும் இப்படி ஆகாது. ஏறக்குறைய நாலில் ஒருவருக்குக் கண் அறிகுறிகள் வெளிப்படையாகத் தெரியும். அவர்களிலும் பெரும்பாலானவர்களுக்கு லேசானதுதான். பார்வைக்கு ஆபத்து வரும் அளவுக்குப் போவது நூற்றில் சிலருக்கே. பெண்களுக்குத்தான் இந்த நோய் அதிகம் வருகிறது, ஆனால் ஆண்களுக்கும் வயதானவர்களுக்கும் வந்தால் கடுமையாக இருக்க வாய்ப்பு கூடுதல்.

தட்டில் ஊற்றிய தண்ணீர்

ஒரு செம்பு தண்ணீரை அப்படியே வைத்தால் காய நாளாகும். அதையே அகலமான தட்டில் ஊற்றி வெயிலில் வைத்தால்? தைராய்டு கண்ணில் நடப்பது இரண்டாவது. இமைகளுக்கு நடுவில் இருக்கும் திறப்பு பெரிதாகிவிடுகிறது. காற்று படும் பரப்பு கூடுகிறது. கண்ணீர் வேகமாக ஆவியாகிறது. இருக்கிற கண்ணீரை விரித்துப் பூச வேண்டிய இமையும் ஒழுங்காக வேலை செய்வதில்லை. இந்த நோயில் கண் சிமிட்டுவது குறைவதையும், பாதியிலேயே நின்றுவிடுவதையும் ஆஸ்திரிய மருத்துவர் கார்ல் ஸ்டெல்வாக் 19-ம் நூற்றாண்டிலேயே கவனித்திருக்கிறார். இன்றும் அது ஸ்டெல்வாக் அறிகுறி என்றுதான் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. போதாததற்கு, கண்ணீர்ச் சுரப்பியிலேயே அந்த டிஎஸ்ஹெச் பூட்டு இருப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சுரப்பியும் அழற்சிக்கு உள்ளாகலாம்.

இதில் இரவு நேரம்தான் மோசம். நம்மில் பெரும்பாலானவர்களுக்கு ஒரு இயற்கைப் பாதுகாப்பு இருக்கிறது: கண்ணை மூடும்போது விழி தானாக மேல்நோக்கி உருளும். இமை கொஞ்சம் திறந்திருந்தாலும் கருவிழி மேலே ஒளிந்துகொள்ளும், வெளியே தெரிவது வெள்ளை மட்டும்தான். தைராய்டு கண் நோயில் அதிகம் பாதிக்கப்படுவது விழியைக் கீழே இழுக்கும் தசை. அது வீங்கி இறுகிப்போனால் விழியால் மேலே உருள முடியாது. இமையும் மூடவில்லை, விழியும் ஒளியவில்லை. ஆறு மணி நேரம் கருவிழியின் கீழ்ப்பகுதி ஃபேன் காற்றில் காய்கிறது. ‘காலையில் எழுந்ததும்தான் எரிச்சல் அதிகம்’ என்று ஒருவர் சொன்னால், மருத்துவர்கள் அடுத்துக் கேட்பது தூக்கத்தைப் பற்றித்தான்.

இதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் நன்றாகத் தூங்கிய பிறகு, மூடிய கண்ணை வீட்டில் யாரையாவது போனில் ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். இமைகளுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தால் அந்த போட்டோவை டாக்டரிடம் காட்டுங்கள். பகலில், டாக்டர் முன்னால் கண்ணை மூடச் சொன்னால் நாம் இறுக்கி மூடிவிடுவோம். தூக்கத்தில் நடப்பது தெரியாமலே போய்விடும்.

தைராய்டு குறைவாகச் சுரப்பவர்களுக்கு?

அவர்களுக்கும் கண் வறட்சி வருகிறது, ஆனால் கதை கொஞ்சம் வேறு. ஹார்மோன் குறைவுக்கு முக்கியக் காரணமான ஹாஷிமோட்டோ நோயும் எதிர்ப்பு சக்தி தவறிப்போவதுதான். இப்படி ஒரு நோய் இருந்தால், கண்ணீரையும் உமிழ்நீரையும் சேர்த்து வற்றவைக்கும் ஷோக்ரன் நோய் கூடவே வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். கண்ணும் வாயும் ஒன்றாக வறண்டால், தண்ணீர் இல்லாமல் இட்லி கூட இறங்கவில்லை என்றால், அதை மறக்காமல் சொல்லுங்கள். கண் பிதுங்குவது இவர்களுக்கு அரிது. தைராய்டு கண் நோய் வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் அதிகமாகச் சுரக்கும் பக்கம்தான். ஆனால் மீதி ஒருவர் இருக்கிறார் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொன்று: ‘அயோடின் உப்பாலதான் இதெல்லாம், அதனால கல்லுப்புக்கு மாறிட்டேன்’ என்று சொல்பவர்கள் என் ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பிலேயே மூன்று பேர். கிரேவ்ஸ் நோயை உருவாக்குவது சமையல் உப்பில் இருக்கும் அந்தச் சிறிய அளவு இல்லை. அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்காக விற்க நாடு முழுவதும் 2006-ல் தடை வந்ததற்குக் காரணம், குறைபாட்டால் வரும் கழுத்துக் கழலையும் குழந்தைகளின் மூளை வளர்ச்சிப் பாதிப்பும். அந்த உப்பை நிறுத்தினால் வீட்டில் இருக்கும் கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும்தான் நஷ்டம்.

‘டிஎஸ்ஹெச் நார்மல்’ வந்துவிட்டதே, அப்புறம் என்ன?

பலரும் ஏமாறும் இடம் இதுதான். மாத்திரை சாப்பிட்டு ரத்தப் பரிசோதனை நார்மல் வந்துவிட்டால் கண்ணும் சரியாகிவிடும் என்று நினைக்கிறோம். கண் அதற்குக் கட்டுப்படுவதில்லை. சுரப்பியும் கண்ணும் ஒரே எதிர்ப்பொருளால் பாதிக்கப்பட்டாலும், கண்ணுக்கு என்று தனியாக ஒரு காலக்கணக்கு இருக்கிறது. முதலில் வீக்கமும் சிவப்புமாக ஏறும் கட்டம். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடம் வரை நீடிக்கலாம். பிறகு தணிந்து ஒரு நிலையில் நின்றுவிடும். நின்றுவிட்டது என்றால் பழையபடி ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை. ஏறிய இமை ஏறியபடியே, பிதுங்கிய கண் பிதுங்கியபடியே நின்றுபோவதும் உண்டு. சிலருக்குத் தைராய்டு பிரச்னை தெரிவதற்கு முன்பே கண்ணில் ஆரம்பிக்கும்; சிலருக்குச் சுரப்பி அடங்கிப் பல மாதங்கள் கழித்து.

அமெரிக்க அதிபர் ஜார்ஜ் ஹெச்.டபிள்யூ. புஷ்ஷின் மனைவி பார்பரா புஷ்ஷுக்கு 1989-ல் கிரேவ்ஸ் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. தைராய்டுக்குச் சிகிச்சை முடிந்தும் கண் தொந்தரவு விடவில்லை. கண்ணுக்குத் தனியாகக் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தார். 1991-ல் அதிபருக்கும் அதே நோய். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு எப்படி என்று வெள்ளை மாளிகைத் தண்ணீரைக்கூடச் சோதித்தார்கள். காரணம் எதுவும் சிக்கவில்லை.

எதிர்ப்பக்கமும் உண்மைதான்: தைராய்டு அளவு மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தால் கண் மோசமாகும். மாத்திரையை நிறுத்தக் கூடாது. சுரப்பியை அழிக்கும் கதிரியக்க அயோடின் சிகிச்சையைப் பரிந்துரைத்தால், கண்ணில் தொந்தரவு இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்தச் சிகிச்சைக்குப் பிறகு சிலருக்குக் கண் நோய் அதிகமாகிறது; தேவைப்பட்டால் ஸ்டீராய்டு மாத்திரையையும் சேர்த்துக் கொடுப்பார்கள்.

காத்து, ஜீப், பீடி

கம்பம் பள்ளத்தாக்கில் தென்மேற்குப் பருவக்காற்று எப்படி அடிக்கும் என்பதற்கு ஆண்டிபட்டி, கண்டமனூர் பக்கம் நிற்கும் காற்றாலைகளே சாட்சி. காற்றாலை கம்பெனிக்கு லாபமான காற்று, மூடாத கண்ணுக்கு நஷ்டம். விடியற்காலையில் போடி மெட்டு, கம்பம் மெட்டு, குமுளி வழியாக ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஜீப்பில் ஏறிப்போகும் பெண்களுக்கு மலைப்பாதை முழுக்க முகத்தில் காற்று. பன்னீர் திராட்சைத் தோட்டங்களில் மருந்து அடிப்பவர்களுக்கு அந்தத் தெளிப்பு. சக்கம்பட்டித் தறிகளில் பஞ்சுத் தூசி. இதெல்லாம் தைராய்டு நோயை உண்டாக்காது. ஆனால் ஏற்கெனவே படலம் உடைந்து கிடக்கிற கண்ணை இன்னும் காயவைக்கும். இன்னொரு ஆபத்தும் உண்டு. எல்லோர் கண்ணும் சிவந்திருக்கிற ஊரில் நோயால் சிவந்த கண் தனியாகத் தெரியாது. சித்திக்கு நடந்தது அதுதான்.

பக்கவாட்டையும் மறைக்கும் கண்ணாடி ஒன்று வாங்குங்கள். பைக் ஓட்டுபவர்கள் போடும் சாதாரணக் கண்ணாடியே போதும். ஜீப்பில் டிரைவருக்குப் பின்னால் உட்காருவது, ஃபேனை முகத்துக்கு நேராக வைக்காமல் இருப்பது எல்லாம் சின்ன விஷயங்கள்தான், ஆனால் நாள் முழுக்கப் பலன் தரும்.

புகையைப் பற்றி மட்டும் கொஞ்சம் கறாராகவே சொல்லணும். தைராய்டு கண் நோயை மோசமாக்கும் காரணங்களில், நம் கையால் மாற்ற முடிந்தவற்றில் முதலிடம் புகைக்குத்தான். சிகரெட், பீடி இரண்டும் ஒன்றுதான். புகைப்பவர்களுக்கு நோய் கடுமையாகிறது, கொடுக்கும் மருந்தும் சரியாக வேலை செய்வதில்லை. ‘எங்க வீட்டுல பொம்பளைங்க யாரும் பிடிக்கறதில்லையே’ என்றால், பிடிக்கிற ஆண் வாசலுக்குப் போய்ப் பிடிக்கட்டும். நிறுத்தினால் இன்னும் நல்லது.

தேனியில் எங்கே போவது?

இந்த விஷயத்தில் தேனி கொடுத்து வைத்த ஊர். மதுரையில் 1976-ல் 11 படுக்கைகளோடு டாக்டர் ஜி. வெங்கடசாமி ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனை, 1985-லேயே தேனியில் கிளை தொடங்கியது. (வெங்கடசாமியே முடக்குவாதத்தால் விரல்கள் வளைந்துபோனவர். அதுவும் உடலின் எதிர்ப்பு சக்தி உடலையே தாக்கும் நோய்தான். கண் வறட்சிக்கு அதுவும் ஒரு காரணம்.)

சின்னச் சின்ன ஊர்களில் இருக்கும் விஷன் சென்டர்களை உலகம் திரும்பிப் பார்த்தது இந்த மாவட்டத்தை வைத்துத்தான். 2006-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இன்டெல் நிறுவனமும் சேர்ந்து, வழக்கமாக வீட்டுக்குள் பயன்படுத்தும் வைஃபை கருவிகளையே நீண்ட தூரத்துக்கு மாற்றியமைத்து, தேனி அரவிந்த் மருத்துவமனையை ஐந்து கிராமப்புற மையங்களோடு வீடியோவில் இணைத்தார்கள். மொபைல் டேட்டா என்றால் என்னவென்றே நமக்கு சரியாகத் தெரியாத காலம் அது. மையத்தில் பயிற்சி பெற்ற உதவியாளர் கண்ணைச் சோதிப்பார், பெரும்பாலும் சுற்றுவட்டாரக் கிராமத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பெண். மருத்துவர் தேனியில் இருந்தபடி நோயாளியிடம் பேசுவார். அந்த மாதிரிதான் பிறகு மற்ற இடங்களுக்கும் பரவியது.

ஸ்லிட் லாம்ப் எனும் நுண்ணோக்கி வழியாகக் கண்ணீர்ப் படலத்தையும் கருவிழியையும் அங்கேயே பார்க்க முடியும். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் எதிர்பார்க்க முடியாது. அதைவிட முக்கியம், உங்கள் கழுத்துக் கதை அவர்களுக்குத் தெரியாது. சர்க்கரை இருக்கா, பிரஷர் இருக்கா என்று எங்கே போனாலும் கேட்பார்கள். தைராய்டு இருக்கா என்று எல்லா இடத்திலும் கேட்பதில்லை. நீங்களே முதலில் சொல்லணும். மாத்திரை அட்டையையும் கடைசி ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் கையோடு கொண்டுபோங்க. அதே மாதிரி, தைராய்டு பார்க்கும் டாக்டரிடம் கண்ணைப் பற்றிச் சொல்லுங்கள். க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது மருத்துவம், கண் மருத்துவம் என்று இரண்டு பிரிவுகளுமே ஒரே வளாகத்தில் இருப்பது இதற்கு வசதி. இமை, கண்குழி சம்பந்தமான அறுவை சிகிச்சை வரை போக வேண்டியிருந்தால் மதுரைக்கு அனுப்புவார்கள்.

சோதனைகள் எதுவும் வலிக்காது. கண்ணில் ஆரஞ்சு நிறச் சாயம் ஒரு துளி வைத்து, நீல வெளிச்சத்தில் படலம் எத்தனை விநாடியில் உடைகிறது என்று எண்ணுவார்கள்; 10 விநாடிக்குள் உடைந்தால் வறட்சி என்று சந்தேகிப்பார்கள். கீழ் இமையில் ஒரு வடிதாள் துண்டை மாட்டி ஐந்து நிமிடம் உட்கார வைப்பார்கள். 5 மில்லிமீட்டர் கூட நனையவில்லை என்றால் கண்ணீர் மிகக் குறைவு. கண் எவ்வளவு முன்னால் வந்திருக்கிறது என்று அளக்க ஒரு கருவி இருக்கிறது. ரத்தத்தில் அந்தக் கள்ளச்சாவி எதிர்ப்பொருளையும் அளக்கலாம்.

அந்தச் சொட்டு மருந்து பாட்டில்கள்

சித்தியின் அலமாரியில் மூன்று பாட்டில் இருந்தது. ஒன்று, ரத்தக்குழாயைச் சுருக்கி சிவப்பை மறைப்பது. மருந்தின் வேகம் குறைந்ததும் சிவப்பு முன்னைவிட அதிகமாகத் திரும்பும். இன்னொன்று ஆன்டிபயாட்டிக், அவருக்குக் கிருமித் தொற்றே இல்லை. மூன்றாவதைப் பார்த்ததும்தான் டாக்டர் முகம் மாறியதாம்: ஸ்டீராய்டு கலந்தது. விட்ட உடனே சுகமாக இருக்கும். மேற்பார்வை இல்லாமல் மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் ஏறி, எந்த வலியும் இல்லாமல் பார்வை நரம்பு கெட்டுப்போகும். கண்புரையும் சீக்கிரம் வரும். நல்லவேளை, சித்திக்கு அழுத்தம் நார்மல்.

தேவைப்படுவது செயற்கைக் கண்ணீர். கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ், ஹயலுரோனேட் போன்ற பெயர்கள் லேபிளில் இருக்கும். ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் விட வேண்டியிருந்தால், பதப்படுத்தும் பொருள் சேர்க்காததைக் கேட்டு வாங்குங்கள். பல பாட்டில்களில் இருக்கும் பென்சல்கோனியம் குளோரைடு அடிக்கடி பட்டால் அதுவே கருவிழியைப் புண்ணாக்கும். விலை கூடுதல்தான், டாக்டரிடம் சொல்லி எத்தனை வேளைக்கு எது என்று திட்டமிட்டுக்கொள்ளலாம். இரவுக்கு ஜெல் அல்லது களிம்பு. பார்வை மங்கும் என்பதால் படுக்கும்போது மட்டும். இமை மூடாதவர்களுக்கு, களிம்பு போட்ட பிறகு மெல்லிய மருத்துவ டேப்பால் இமையை ஒட்டச் சொல்வார்கள். எப்படி ஒட்டுவது என்று அங்கேயே ஒரு தடவை செய்து காட்டச் சொல்லுங்கள்; தவறாக ஒட்டி டேப் கருவிழியில் உரசினால் வேறு வினை. தலையணையை உயர்த்திப் படுத்தால் காலை வீக்கம் குறையும்.

நந்தியாவட்டைப் பூ, தாய்ப்பால், விளக்கெண்ணெய்? பாட்டிகளிடம் சண்டை போட எனக்கு ஆசையில்லை. ஆனால் காய்ந்து கீறல் விழுந்த கருவிழியில் கிருமி நீக்காத எதை விட்டாலும் தொற்று வரலாம். எண்ணெய்ச் சுரப்பி அடைத்திருந்தால் மூடிய இமை மேல் வெதுவெதுப்பான துணி ஒத்தடம் நல்லதுதான்.

இதற்கு மேலே உள்ள சிகிச்சைகள் நோயின் கட்டத்தைப் பொறுத்தவை. லேசான, புதிய நோய்க்கு செலினியம் ஆறு மாதம் கொடுத்ததில் பலன் இருந்ததாக 2011-ல் ஓர் ஐரோப்பிய ஆய்வு சொன்னது. மண்ணிலேயே செலினியம் குறைவாக உள்ள பகுதிகளில் நடந்த ஆய்வு என்பதால், ஆன்லைனில் நீங்களாக ஆர்டர் போட வேண்டாம். வீக்கம் கடுமையாக இருந்தால் ஸ்டீராய்டு ஊசி, வழக்கமாக வாரம் ஒன்றாக 12 வாரம். 2020 ஜனவரியில் அமெரிக்கா அனுமதித்த டெப்ரோடுமுமாப் பற்றி யூடியூபில் பார்த்திருப்பீர்கள். பிதுங்கிய கண்ணை மருந்தாலேயே உள்ளே கொண்டுவருகிறது என்பது உண்மை; அங்கே அதற்கு ஆகும் செலவு லட்சக்கணக்கான டாலர் என்பதும், கேட்கும் திறனைப் பாதிக்கலாம் என்பதும் உண்மை. அறுவை சிகிச்சை என்றால் பெரும்பாலும் நோய் தணிந்த பிறகு, ஒரு வரிசையில்: முதலில் கண்குழியை அகலப்படுத்துவது, பிறகு மாறுகண், கடைசியில் இமை.

இதெல்லாம் வந்தால் பஸ்ஸுக்குக் காத்திருக்காதீங்க

ஒரு கண்ணை மூடிப் பார்க்கும்போது மற்ற கண்ணில் சிவப்பு நிறம் வெளுத்துத் தெரிகிறதா? குங்குமச் சிமிழைப் பார்த்து இரண்டு கண்ணையும் ஒப்பிட்டாலே தெரியும். வீங்கிய தசைகள் பார்வை நரம்பை நெருக்கும்போது முதலில் போவது பெரும்பாலும் நிறம்தான். பார்வை திடீரென மங்குவது, கருவிழியில் வெள்ளைப் புள்ளி, வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாத வலி ஆகியவையும் அதே நாளில் மருத்துவமனைக்குப் போக வேண்டியவை. அடுத்த வாரம் தேனி போகிற வேலை இருக்கிறது, அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட இடமில்லை. எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தால் பைக் ஓட்டுவதை நிறுத்திவிட்டு, ஓரிரு நாளில் போய்க் காட்டணும்.

சித்திக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. கருவிழியின் கீழ்ப்பக்கம் சின்னச் சின்னப் புண்கள் இருந்தன, ஆறு வாரத்தில் ஆறிவிட்டன. கண் கொஞ்சம் முன்னால்தான் இருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளக்கிறார்கள். ராத்திரி ஒன்பதரைக்கு சீரியல் முடிந்ததும் களிம்பு போட்டு, டேப் ஒட்டிவிடுவது சித்தப்பா வேலை. இந்த ஆடியில் ஊருக்குப் போனபோது பஸ் ஸ்டாண்டுக்கு என்னை அழைக்க வந்திருந்தார் சித்தி, சித்தப்பாவின் பைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு. “ஹீரோயின் மாதிரி இருக்கேனா பாப்பா?” என்றார். அவருடைய கண் ஆஸ்பத்திரி நோட்டின் முதல் பக்கத்தில், பெயருக்கு மேலே, சிவப்புப் பேனாவில் பெரிதாக எழுதியிருக்கிறார்கள்: தைராய்டு.